ஐயாயிரம் வேலையில் என் பிள்ளைக்கு ஒன்று உண்டா?

கார் ஆலை விரிவாக்கம், புது ஆலை, அதில் கிடைக்கும் வேலை பற்றிக் கேட்டு இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த இதழின் பதில்கள் முழுவதும் அதற்கே. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர். 1999-லிருந்து பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கார் ஆலையில் அசெம்பிளி லைனில் நின்றேன். பிறகு லைன் லீடர். கடைசி ஒன்பது வருடம், புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தேன். எனக்குத் தெரிந்ததை அந்த இடத்தில் நின்றே சொல்கிறேன்.

*

பனப்பாக்கம் கார் ஆலையில் ஐயாயிரம் பேருக்கு வேலை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். என் மகன் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்துவிட்டு ஒரு வருடமாக லேத் பட்டறையில் நாள் கூலிக்குப் போகிறான். வேறு கம்பெனியில் கூப்பிட்டாலும் போக மாட்டேன், இங்கேதான் சேருவேன் என்கிறான். காத்திருக்கச் சொல்லலாமா?
— ஒரு தாய், நெமிலி வட்டம்

காத்திருக்க வேண்டாம் அம்மா. எந்தக் கம்பெனி கூப்பிட்டதோ அங்கே இப்போதே போகட்டும்.

முதலில் அந்த ஐயாயிரத்தைப் பார்ப்போம். டாடா மோட்டார்ஸ் 2024 மார்ச்சில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. 9,000 கோடி ரூபாய் முதலீடு, 5,000 பேருக்கு வேலை. அதே வருடம் செப்டம்பர் 28-ஆம் தேதி உங்கள் பனப்பாக்கத்தில் 470 ஏக்கரில் அடிக்கல் நாட்டினார்கள். தலைப்பை மட்டும் படித்தால் ஐயாயிரம் பேரும் ஒரே நாளில் கேட்டுக்குள் நுழையப் போகிற மாதிரி இருக்கும். கொஞ்சம் உள்ளே படியுங்கள். அந்த எண்ணிக்கையில் நேரடி வேலையும் இருக்கிறது, மறைமுக வேலையும் இருக்கிறது. கார் செய்பவர் மட்டுமல்ல. சீட் தைத்து அனுப்பும் கம்பெனிக்காரர், லாரி டிரைவர், கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி என்று இப்படிப்பட்டவர்களும் மறைமுகக் கணக்கில் வருவார்கள். அப்புறம், வருடத்துக்கு இரண்டரை லட்சம் வண்டி என்பது ஆலையின் முழு அளவு. அதை எட்ட ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது. வண்டி படிப்படியாகத்தான் கூடும், ஆளும் அப்படித்தான் கூடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கார் ஆலைக்குள் எல்லா இடத்திலும் ஒரே அளவு ஆள் நிற்பதில்லை. பிரஸ் ஷாப்பில் தகட்டுச் சுருள் வரும், அச்சில் அழுந்திக் கதவாகவும் கூரையாகவும் விழும். அங்கே நூறு மீட்டர் நடந்தாலும் நாலு பேரைத்தான் பார்ப்பீர்கள். பாடி ஷாப்பில் வெல்டிங் முழுக்க ரோபோ கையில். பெயின்ட் ஷாப்பில் தெளிப்பது ரோபோ; இடுக்கில் சீலர் போடவும், தூசி இருந்தால் தேய்த்து எடுக்கவும், விளக்கடியில் நின்று பார்க்கவும் ஆள். அசெம்பிளி ஷாப்பில்தான் மனிதத் தலை தெரியும். உங்கள் மகன் போன்ற பிள்ளைகளுக்கு வேலை அங்கேதான்.

என் முதல் ஸ்டேஷன் டிரிம் லைனில், அதாவது ஒயரும் உள்பாகங்களும் மாட்டும் வரிசையில். ஒயரிங் ஹார்னஸ் என்று ஒன்று உண்டு. கை தடிமனில் கட்டாகக் கட்டிய ஒயர். காருக்கு நரம்பு மாதிரி. எஞ்சின் பக்கமிருந்து உள்பக்கம் வருவதற்கு நடுச்சுவரில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் ஒயர் கட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் புஷ்ஷை அழுத்தி உட்கார வைக்க வேண்டும். சுற்றிலும் உதடு முழுதாக வெளியே வந்து உட்கார்ந்ததா என்று விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு ஓரம் மடங்கியிருந்தாலும், வண்டி வாங்கினவருக்கு முதல் ஐப்பசி மழையில் கால் மிதியடியில் தண்ணீர் நிற்கும். இதற்கு எனக்குக் கிடைத்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. முதல் மாதம் இரண்டு கட்டை விரலிலும் தோல் உரிந்துவிட்டது. இரவு சோறு பிசைய முடியாமல் ஸ்பூன் வைத்துச் சாப்பிட்டேன். ரோபோவுக்கு இந்த வேலையைக் கொடுப்பது இன்னும் கஷ்டம்தான், ஏனென்றால் ஒயர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வளையும். கைக்குத் தெரிந்தது அதற்குத் தெரியாது. அசெம்பிளியில் ஆள் குறையாமல் இருப்பதற்கு இந்த மாதிரி வேலைகள்தான் காரணம்.

ஏன் ஒரு நிமிடம் என்கிறேன்? நீங்களே கணக்குப் போடலாம். வருடத்துக்கு இரண்டரை லட்சம் வண்டி, 290 வேலை நாள் என்று வையுங்கள். ஒரு நாளுக்குச் சுமார் 860 வண்டி. டீ, சாப்பாடு போக ஷிஃப்ட்டுக்கு ஏழரை மணி நேரம், இரண்டு ஷிஃப்ட் என்றால் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு வண்டி லைனை விட்டு இறங்க வேண்டும். இதே வண்டியை மூன்று ஷிஃப்ட்டில் எடுத்தால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு வண்டி போதும்.

ஒரு கம்பெனி "விரிவாக்கம்" என்று சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எப்படி விரிக்கிறீர்கள்? பல ஆலைகளில் இறுக்கம் பெயின்ட் ஷாப்பில்தான் இருக்கும். அங்கே பெயின்ட் காய வைக்கும் அடுப்பு ஒன்று கூடப் போட்டு, இரண்டு ரோபோ வைத்தால் வண்டி கூடும். ஆள் அதிகம் கூடாது. இரண்டு ஷிஃப்ட் ஓடும் லைனில் மூன்றாவது ஷிஃப்ட் தொடங்கினால் புதுக் கட்டடம் ஒன்றும் இல்லாமலே அசெம்பிளிக்கு இன்னும் ஒரு பங்கு ஆள் வேண்டும். அடிக்கல் இல்லை, மேடை இல்லை, அதனால் பேப்பரில் பெரிதாக வராது. ஆனால் எங்கள் ஆலையில் ஒரே மூச்சில் அதிகம் பிள்ளைகள் சேர்ந்தது மூன்றாவது ஷிஃப்ட் போட்ட வருடம்தான். புது ஆலை என்றால் அடிக்கல்லும் உண்டு, ஆள் எடுப்பும் உண்டு. ஆனால் புது ஆலையில் புது ரோபோவும் இருக்கும்.

சரி, உங்கள் மகன். ஆலை முழு வேகத்தில் ஆள் எடுக்கும்போது ஒரே நாளில் நேர்காணலுக்கு நூற்றுக்கணக்கில் நிற்பார்கள். எல்லாரிடமும் ஐ.டி.ஐ. சான்றிதழ் இருக்கும். நான் பயிற்சிப் பிரிவில் இருந்தபோது, ஒரு வருடம் ஏதாவது பாகம் செய்யும் கம்பெனியில் லைனில் நின்ற பையன் வந்தால் அவன் நிற்கும் விதத்திலேயே தெரியும். இரவு ஷிஃப்ட் உடம்புக்குப் பழகியிருக்கும். "டார்க் எவ்வளவு?", அதாவது போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கேட்டால் விழிக்க மாட்டான். ராணிப்பேட்டையிலும் பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் பாகம் செய்யும் கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே ஒரு வருடம் நிற்கட்டும். மத்திய அரசின் அப்ரென்டிஸ் தளத்திலும் பெயரைப் பதிவு செய்யட்டும், கட்டணம் கிடையாது. "இத்தனை ரூபாய் கொடு, உள்ளே தள்ளிவிடுகிறேன்" என்று யாராவது வீட்டுக்கு வந்தால் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள். அடிக்கல் விழுந்த ஊரில் இவர்கள் கட்டாயம் வருவார்கள்.

*

பத்தாவது முடித்திருக்கிறேன். கார் கம்பெனிக்கு எந்த டிரேடு எடுத்தால் நல்லது?
— ஒரு மாணவர், அரக்கோணம்

ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், மோட்டார் வாகன மெக்கானிக் மூன்றும் என்றைக்கும் ஓடும். இப்போது ரோபோவைப் பழுது பார்க்கும் ஆளுக்குத்தான் கிராக்கி. மாநில அரசும் டாடா டெக்னாலஜிஸும் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதுப்பித்திருக்கின்றன, மொத்தம் 2,877 கோடி ரூபாய்த் திட்டம். ரோபோவும், கணினி சொல்கிறபடி உலோகம் கடையும் சி.என்.சி. இயந்திரமும் அங்கே தொட்டுப் பழகலாம். உங்கள் பக்கத்து ஐ.டி.ஐ. அந்தப் பட்டியலில் இருந்தால், தனியார் ஐ.டி.ஐ.க்குக் கொட்டிக் கொடுப்பதைவிட அதுவே மேல்.

ஒன்று மட்டும் இப்போதே செய்யுங்கள் தம்பி. கண் மருத்துவரிடம் நிறக் குருடு சோதனை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி புள்ளியாக வண்ணப் படத்தில் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். நன்றாகப் படித்த ஒரு பையன், இரண்டு வருடம் எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு, எங்கள் மருத்துவச் சோதனையில்தான் தனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை என்று தெரிந்துகொண்டான். ஒயர் வேலைக்கு அவனை எடுக்க முடியவில்லை. அவன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. முன்னமே தெரிந்திருந்தால் வேறு டிரேடு எடுத்திருப்பான்.

*

ஒரு வாகன ஆலையில் முதலில் அப்ரென்டிஸ் ஒரு வருடம், பிறகு காண்ட்ராக்டர் மூலம் ஏழு மாதம் வேலை பார்த்தேன். இப்போது "பிரேக்" என்று நிறுத்திவிட்டு, இரண்டு மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள். 480 நாள் முடித்தால் பர்மனென்ட் என்கிறார்களே, எனக்கு அது வருமா?
— பெயர் வேண்டாம், ஒரகடம்

தம்பி, சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1981-லேயே கொண்டுவந்தார்கள்: ஒரு தொழில் நிறுவனத்தில் 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும். ஆனால் உங்கள் கணக்கை அப்படியே கூட்டிவிட முடியாது. அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் பதிவாகியிருந்தால், அந்த ஒரு வருடம் நீங்கள் சட்டப்படி பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. அந்த நாட்கள் இதில் சேராது. அடுத்த ஏழு மாதம் நீங்கள் யாருடைய ரோலில், அதாவது சம்பளப் பட்டியலில், இருந்தீர்கள் என்பது அடுத்த கேள்வி. காண்ட்ராக்டர் ரோல் என்றால், ஆலைக்காரர் "இவர் எங்கள் ஆளே இல்லை" என்பார். காண்ட்ராக்ட் பெயரளவுக்குத்தானா, உண்மையில் வேலை வாங்கினது யார் என்பதைத் தொழிலாளர் துறையிலோ நீதிமன்றத்திலோதான் நிரூபிக்க வேண்டியிருக்கும். 400 நாள் தாண்டும்போது "பிரேக்" வருவது எதற்காக என்று உங்களுக்கே தெரியும். அது எனக்கும் வலிக்கிறது. ஒரே லைனில், ஒரே போல்ட்டை, ஒரே வேகத்தில் முடுக்கும் இரண்டு பேரில் ஒருவனுக்கு மட்டும் அடுத்த மாதம் வேலை உண்டா என்று தெரியாது. இதை இருபது வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

அதனால் இன்று உங்கள் கையில் இருப்பதைக் காப்பாற்றுங்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, ஷிஃப்ட் போட்ட வாட்ஸ்அப் தகவல், எல்லாவற்றையும் படம் எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். பி.எஃப். பாஸ்புக்கை இன்றே திறந்து பாருங்கள். யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண் இருந்தால் போதும், உமங் என்ற அரசு செயலியிலேயே தெரியும். ஏழு மாதத்துக்கும் வரவு இருக்கிறதா, எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது? அந்தப் பெயர்தான் நீங்கள் யார் ஆள் என்பதற்கு முதல் சாட்சி.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கார் ஆலைக்கு வருமுன் ஒரு பாகம் செய்யும் கம்பெனியில் காண்ட்ராக்டில் பதினான்கு மாதம் இருந்தேன். மாதா மாதம் சம்பளத்தில் பி.எஃப். என்று பிடித்தார்கள். சீட்டு கேட்டால் "அடுத்த வாரம்" என்றார் காண்ட்ராக்டர். வெளியே வந்து விசாரித்தபோது என் பெயரில் கணக்கே இல்லை. எந்த எண்ணும் கையில் இல்லாததால் யாரிடமும் போய் நிற்க முடியவில்லை. இன்று உங்களால் முடியும். பிடித்த பணம் கட்டப்படவில்லை என்றால் பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுங்கள். காண்ட்ராக்டர் கைவிரித்தால், வேலை வாங்கிய முதன்மை நிறுவனத்துக்கும் அதில் பொறுப்பு உண்டு.

இனி எங்கே சேர்ந்தாலும் நியமனக் கடிதம் இல்லாமல் சேராதீர்கள். 2025 நவம்பர் 21-லிருந்து நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. "குறித்த காலப் பணி" என்று எழுதியிருந்தால், ஒரு வருடம் முடித்தாலே பணிக்கொடை உண்டு. அந்த இரண்டு மாத பிரேக்கில் சும்மா இருக்காதீர்கள். வேறு இடத்தில் நேர்காணலுக்குப் போங்கள். பத்தொன்பது மாதம் ஆலைக்குள் நின்றிருக்கிறீர்கள், அதுவும் ஒரு சொத்து.

*

என் மகள் டிப்ளமோ மெக்கானிக்கல். கார் ஆலையில் பெண்களை எடுப்பார்களா? எடுத்தாலும் நைட் ஷிஃப்ட் போடுவார்களே என்று என் மனைவி பயப்படுகிறார்.
— ஒரு தந்தை, காஞ்சிபுரம்

எடுக்கிறார்கள் சார், முன்னைவிட அதிகமாகவே எடுக்கிறார்கள். டாடாவின் புனே ஆலையில் ஒரு அசெம்பிளி லைன் முழுக்கப் பெண்கள்தான். ஆயிரத்து ஐந்நூறு பேர். நான் சேர்ந்தபோது எங்கள் ஷாப்பில் ஒரு பெண் கூட இல்லை. கழிப்பறை கூடக் கட்டியிருக்கவில்லை. கடைசியாகப் பயிற்சி கொடுத்த தொகுப்பில் மூன்றில் ஒருவர் பெண். டோர் லைனில் ஒரு பெண், உயரம் ஐந்தடி கூட இருக்காது, கதவு ஒயரை உள்ளே விட்டு கிளிப் போடும் சத்தத்தை வைத்தே "சார், இது உட்காரல" என்று சொல்வாள். கழற்றிப் பார்த்தால் சரியாக இருக்கும் அவள் சொன்னது.

இரவு வேலை விஷயம்: பெண்களை ஆலையில் இரவில் வைக்கக் கூடாது என்ற பழைய தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் கால் நூற்றாண்டுக்கு முன்பே நீக்கிவிட்டது. பெண்ணின் சம்மதமும் பாதுகாப்பும் கட்டாயம். அம்மாவின் பயம் நியாயமானது. அதைப் பயமாக வைத்துக்கொள்ளாமல் கேள்வியாக மாற்றி நேர்காணலில் கேட்கச் சொல்லுங்கள்: பஸ் வீட்டு முனை வரை வருமா, மெயின் ரோட்டோடு நிற்குமா? பஸ்ஸில் பெண் பாதுகாவலர் உண்டா? கடைசியாக இறங்கும் பெண் யார், எத்தனை மணிக்கு? ஹாஸ்டல் என்றால் ஒரு அறைக்கு எத்தனை பேர், தண்ணீர் எப்படி? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிற கம்பெனிக்குத் தாராளமாக அனுப்பலாம். டிப்ளமோ படித்த பெண்ணுக்கு லைன் வேலை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். தர ஆய்விலும் ரோபோ பராமரிப்பிலும் கேட்டுப் பார்க்கட்டும்.

*

எலக்ட்ரிக் கார் வந்துவிட்டால் ஆள் தேவை குறைந்துவிடுமா?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

உங்கள் ஊரிலேயே வின்ஃபாஸ்ட் ஆலை 2025 ஆகஸ்ட் 4-இல் திறந்தாகிவிட்டது. அடிக்கல் நாட்டியது 2024 பிப்ரவரியில். பதினெட்டு மாதத்துக்குள் வண்டி வெளியே வந்தது நல்ல வேகம்தான். தொடக்கத்தில் வருடத்துக்கு 50,000 வண்டி, மூவாயிரம் முதல் மூவாயிரத்து ஐந்நூறு பேருக்கு வேலை என்பது அவர்கள் சொன்ன கணக்கு.

கார் ஆலைக்குள் குறைவு பெரிதாக இருக்காது. கதவு, சீட், கண்ணாடி, டேஷ்போர்டு எல்லாம் அதேதான். மாட்ட ஆள் வேண்டும். எஞ்சினுக்குப் பதில் பேட்டரியும் மோட்டாரும். அடி விழப்போவது வெளியே: பிஸ்டன், சைலன்ஸர், எரிபொருள் குழாய், கியர் செய்யும் சின்னக் கம்பெனிகளில். அம்பத்தூரிலும் கோவையிலும் இருபது பேர், முப்பது பேர் வைத்து நடத்துகிறவர்கள். அவர்கள் தொழில் மாறுவதற்கு வங்கியும் அரசும் இப்போதே கை கொடுக்க வேண்டும். பெரிய ஆலைக்குக் கொடுக்கும் சலுகையில் ஒரு பகுதி இவர்களுக்குப் போனாலே பல ஆயிரம் வேலை காப்பாற்றப்படும் என்பது என் உறுதியான கருத்து.

*

மறைமலை நகர் பக்கம் மெஸ் வைத்திருக்கிறேன். ஃபோர்டு ஓடினபோது ஒரு நாளைக்கு நூற்று அறுபது சாப்பாடு போகும். மூடினபோது முப்பதுக்கு வந்துவிட்டது. கணக்கு நோட்டில் எழுதின பாக்கி அப்படியே நின்றது. இப்போது மறுபடி வருகிறார்கள் என்கிறார்கள். மாடி எழுப்பிப் பெரிதாக்க வங்கியில் எட்டு லட்சம் கேட்டிருக்கிறேன். சரிதானா?
— ஒரு சகோதரி, மறைமலை நகர்

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேலைவாய்ப்பு பற்றிப் பேசுகிறவர்கள் உங்களை எண்ணுவதே இல்லை. ஆலை திறந்தால் உங்களை "மறைமுக வேலை" என்று கணக்கில் சேர்ப்பார்கள். ஆலை மூடினால் இழப்பீடு பேசும் மேஜையில் உங்களுக்கு நாற்காலி கிடையாது.

நான் லைனில் சேர்ந்த முதல் மூன்று வருடம் ஒரு மெஸ்ஸில்தான் சாப்பிட்டேன். இரவு ஷிஃப்ட் முடிந்து காலை ஆறரைக்குப் போனால் அந்த அம்மா இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றியிருப்பார். "கை கழுவு, எண்ணெய் வாசம் வருது" என்று சோப்புத் துண்டை நீட்டுவார். சம்பளம் வரும் ஏழாம் தேதி வரை நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த நோட்டை நம்பித்தான் வீட்டுக்கு முழுப் பணம் அனுப்பினேன். இந்தப் பக்கத்துக் கார் தொழில் உங்களைப் போன்றவர்கள் அடுப்பின் மேல் வளர்ந்தது என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

இனி கணக்குக்கு வருவோம். ஃபோர்டு இந்தியாவில் வண்டி செய்வதை நிறுத்தப் போவதாகச் சொன்னது 2021 செப்டம்பர் 9-இல். குஜராத்தின் சானந்து, உங்கள் மறைமலை நகர் இரண்டிலும் சேர்த்துச் சுமார் நாலாயிரம் பேரைப் பாதித்தது. உங்கள் ஊரில் கடைசி வண்டி இறங்கியது 2022 ஜூலையில். சானந்து ஆலையை டாடா வாங்கிக்கொண்டது. உங்கள் ஆலை பூட்டியே கிடந்தது. பிறகு 2025 அக்டோபர் 31-இல் மாநில அரசோடு புது ஒப்பந்தம்: 3,250 கோடி முதலீடு, 600-க்கு மேல் நேரடி வேலை, வருடத்துக்கு 2,35,000 எஞ்சின், உற்பத்தி தொடங்குவது 2029-இல்.

"எஞ்சின்" என்ற சொல்லைக் கவனியுங்கள். முழுக் கார் செய்யும் ஆலைக்கும் இதற்கும் ரொம்ப வித்தியாசம். எஞ்சின் ஷாப்பில் வார்ப்புக் கட்டையை சி.என்.சி. இயந்திரங்கள் வரிசையாகக் கடையும்; கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் எண்ணெய் கொட்டிக்கொண்டிருக்கும், ஒருவர் ஐந்தாறு இயந்திரத்தைப் பார்ப்பார். பணம் கோடிக்கணக்கில் இயந்திரத்துக்குப் போகும். வகுத்துப் பாருங்கள்: 3,250 கோடிக்கு 600 வேலை என்றால் ஒரு வேலைக்கு ஐந்து கோடிக்கு மேல். ஒரகடத்தில் ரெனோ-நிஸான் 2023-இல் 5,300 கோடி விரிவாக்கம் அறிவித்தபோது 2,000 பேர் வரை வேலை என்றார்கள். அது ஒரு வேலைக்கு இரண்டரைக் கோடி சொச்சம். பனப்பாக்கத்தில் மறைமுக வேலையும் சேர்த்துச் சொன்னதால் இன்னும் குறைவாகத் தெரிகிறது. முதலீடு பெரிது என்பதற்காக வேலையும் அதே அளவு பெரிது என்று எடுத்துக்கொண்டு கடன் வாங்கக் கூடாது. எத்தனை கோடி என்பதை விட்டுவிடுங்கள். என்ன செய்யப் போகிறார்கள், எத்தனை பேர், எந்த வருடம், இந்த மூன்றும்தான் உங்கள் அடுப்புக்கு வேண்டிய கணக்கு.

அந்த அறுநூறு பேரும் மூன்று ஷிஃப்ட்டுக்கும் அலுவலகத்துக்கும் பிரிவார்கள். அவ்வளவு பெரிய ஆலைக்குள் கேன்டீன் கட்டாயம் இருக்கும். பலர் குடும்பத்தோடு சொந்த வீட்டில் இருப்பார்கள், கம்பெனி பஸ்ஸில் வருவார்கள். உங்களிடம் வரக்கூடியவர்கள் அறை எடுத்துத் தங்கும் இளைஞர்கள், காண்ட்ராக்ட் பிள்ளைகள், பாகம் கொண்டுவரும் லாரிக்காரர்கள். பழைய நூற்று அறுபது இந்த ஒரு ஆலையால் திரும்பாது. எட்டு லட்சத்துக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டு 2029 வரை காத்திருப்பது உங்கள் கழுத்தை இறுக்கும். மாடி இப்போது வேண்டாம்.

ஆனால் ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதை விடாதீர்கள். எஞ்சின் உற்பத்தி தொடங்குவதற்கு முன்னால் பழைய இயந்திரங்களைக் கழற்றிப் புதிதை இறக்குவார்கள். அஸ்திவாரம், மின்சாரம், குழாய், இயந்திரம் நிறுத்துவது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குழுக்கள் வரும். வெளியூர் ஆட்கள், மாதக்கணக்கில் தங்குவார்கள், ஆலைக் கேன்டீன் அவர்களுக்கு இருக்காது. நான் பார்த்த ஒவ்வொரு விரிவாக்கத்திலும் முதலில் வயிறு நிறைந்தது இவர்களால்தான். அந்த நேரத்தில் எங்கள் ஆலை வாசலில் பாதி ராத்திரிக்குக் கூட பரோட்டா கல் காயும். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்குச் சப்பாத்தியும் பருப்பும் வேண்டும். அதனால் கடன் வாங்குவதாக இருந்தால் ஒரு லட்சத்துக்குள் வாங்கி, மாவு பிசையும் இயந்திரமும் ஒரு பெரிய கல்லும் போடுங்கள். இருக்கும் கூடமே போதும். பார்சல் கட்டி சைட்டுக்கே அனுப்ப ஒரு பையனை வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கை ஒவ்வொரு ஆளிடமும் வைக்காமல் அந்தக் குழுவின் மேஸ்திரியிடம் வையுங்கள். ஒரு சைட்டில் வேலை முடிந்தால் அடுத்த நாளே மூட்டை கட்டிவிடுவார்கள். அதனால் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வாங்கிவிடுங்கள். மாதக் கடைசி வரை நோட்டில் எழுதாதீர்கள்.